பெட்ரோல் காரை விட்ட பிறகு கை எதைத் தேடும்?

மதுரை விளாங்குடியில் சொந்த வீடு, 12 வருடமாக ஒரே மேனுவல் கியர் பெட்ரோல் கார், தினமும் மேலூருக்கு வேலைக்குப் போய் வருவது, மாதம் ஒருமுறை போடியில் இருக்கும் பெற்றோரைப் பார்க்கப் போவது என்று உங்கள் நிலையைச் சொல்லியிருக்கிறீர்கள். "எலக்ட்ரிக் கார் வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று எல்லோரும் கணக்குச் சொல்கிறார்கள். மாறியவர்களுக்கு எது இல்லாமல் போனது என்று யாரும் சொல்வதில்லை. கியரும் எஞ்சின் சத்தமும் இல்லாமல் ஓட்டினால் பொம்மைக் கார் ஓட்டுவது போல இருக்குமா?" என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஓட்டும் சுகத்தில் என்ன குறையும் என்பது ஒன்று. நீங்கள் வாய்விட்டுக் கேட்காத மற்றொன்று, வாங்கி ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நடுரோட்டில் நின்றுகொண்டு "பழைய வண்டியையே வைத்திருக்கலாமே" என்று நினைக்கும்படி ஆகுமா என்பது. முதலாவதற்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குத்தான் இடம் வேண்டும்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டு மதுரையில் இருபது வருடங்களுக்கு மேலாகக் கார் பட்டறை வைத்திருப்பவன். எலக்ட்ரிக் கார்களில் உயர் மின்னழுத்தப் பகுதியைக் கையாளப் பயிற்சி எடுத்திருக்கிறேன். ஆனாலும் பேட்டரிப் பெட்டியை நான் திறப்பதில்லை. அது நிறுவனத்தின் வேலை. சஸ்பென்ஷன், பிரேக், டயர், ஏசி, சிறிய பேட்டரி, இவை வரைதான் என் கை போகும். என் சுயநலத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊர் முழுக்க எலக்ட்ரிக்குக்கு மாறினால் ஆயில் சர்வீஸ், கிளட்ச் பிளேட், சைலன்சர், ரேடியேட்டர் என்று என் பிழைப்பில் பெரும்பகுதி போய்விடும். ஆகவே பெட்ரோல் காரைப் பற்றி நான் எங்காவது உருகினால் கொஞ்சம் கழித்துக்கொண்டு படியுங்கள்.

உடம்பு தேடுவதை முதலில் பார்ப்போம். முதல் சில நாட்களில் அதிகம் அல்லாடுவது இடது கால்தான். சிக்னலைக் கண்டால் கிளட்சை மிதித்துப் பழகிய கால், அங்கே கிளட்ச் இல்லாததால் பிரேக்கின் இடது ஓரத்தில் போய் விழும். கிளட்சை நாம் அடிவரை அழுத்துகிறவர்கள். அதே அழுத்தத்தைப் பிரேக்கில் கொடுத்தால் வண்டி அப்படியே குத்தி நிற்கும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஷேர் ஆட்டோவுக்கு நிற்க நேரம் இருக்காது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இடது காலை ஓரத்தில் உள்ள கால்தாங்கியில் வைத்தே ஓட்டப் பழகுங்கள், பிரேக்குக்கும் ஆக்சிலரேட்டருக்கும் வலது கால் மட்டும். ஆட்டோமேட்டிக் கார் எல்லாவற்றுக்கும் இது பொது என்றாலும், எலக்ட்ரிக் கார் சத்தமில்லாமல் பாய்ந்து கிளம்பும் என்பதால் இங்கே கூடுதல் கவனம் தேவை.

கியர் விஷயத்தில் மக்கள் இரண்டு சாதி. காளவாசலிலும் கோரிப்பாளையத்திலும் மாலை நேரத்தில் அரைக் கிளட்சில் ஊர்ந்து முழங்கால் வலி கண்டவர்கள் ஒரு சாதி. அவர்களில் யாரும் கியரைத் தேடி நான் பார்த்ததில்லை. இன்னொரு சாதி எண்ணிக்கையில் சிறியது. நானும் அதில்தான் சேர்த்தி. திண்டுக்கல் பக்கம் சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு முன்னால் மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கி, எஞ்சின் குரல் ஏறும் கணத்தில் காலைக் கொடுத்து வெளியே வருவதில் ஒரு சுகம் இருக்கிறது. சரியாகச் செய்தால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியவே தெரியாது, நமக்கு மட்டும் தெரியும். அந்தச் சுகம் எலக்ட்ரிக் காரில் கிடையாது. அதற்குச் சமாதானம் சொல்லவும் நான் விரும்பவில்லை. வெளிநாடுகளில் விற்கும் ஹூண்டாய் ஐயோனிக் 5 என் என்ற காரில், கியர் மாறுவது போன்ற குலுக்கலையும் எஞ்சின் சத்தத்தையும் மென்பொருளால் உண்டாக்கித் தருகிறார்கள். இல்லாத கியரை நடித்துக் காட்டும் அளவுக்கு நிறுவனமே இறங்கி வந்திருக்கிறது என்றால், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

கியர் ஏன் இல்லை என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எஞ்சினுக்கு முழு இழுவை வர நிமிடத்துக்குச் சில ஆயிரம் சுற்றுகள் ஓட வேண்டும். அந்தச் சுற்றுக்குள் எஞ்சினை வைத்திருக்கத்தான் கியர்கள். மின் மோட்டார் நின்ற இடத்திலேயே முழு இழுவையும் தரும், பத்தாயிரம் சுற்றுக்கு மேலும் அலுங்காமல் ஓடும். எனவே ஒரே பல்சக்கர விகிதம் போதும். 'பொம்மைக் கார்' என்ற உங்கள் பயம் முதல் மேம்பாலம் ஏறும்போதே போய்விடும். நகர வேகத்தில் உங்கள் பழைய வண்டி இதன் பக்கத்தில் வராது. வாடிக்கையாளர் ஒருவர் நத்தம் சாலை மேம்பாலத்தில் ஓட்டிவிட்டு வந்து, "அண்ணே, வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் என்னோடு பேசவே மாட்டேன் என்கிறது" என்றார். ஆறு மாதம் கழித்து அவரிடமே கேட்டேன். பேசாததை மறந்தே போயிருந்தார்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரு பயனும் இருந்தது, அது போவதைத்தான் கவனிக்க வேண்டும். எஞ்சின் குரலை வைத்தே நாம் வேகத்தை மதிப்பிட்டுக்கொண்டிருந்தோம், அது நமக்கே தெரியாது. சத்தம் போனதும் அறுபதில் போவதாக நினைத்துக்கொண்டு எண்பதில் போவோம். புதிதாக மாறியவர்கள் வேகமுள்ளை அடிக்கடி பார்த்தே ஆக வேண்டும். அடுத்து, எஞ்சின் சத்தத்துக்குள் இத்தனை நாள் ஒளிந்திருந்த சத்தமெல்லாம் வெளியே வரும். டயர் சாலையில் உரசுவது, கதவு ரப்பர் முனகுவது, பின் சீட் பெல்ட்டின் கொக்கி பிளாஸ்டிக்கில் தட்டுவது. "புது வண்டியில் ஏதோ சத்தம்" என்று பதறிக்கொண்டு பட்டறைக்கு வந்தவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்த வைத்தியம், கதவுப் பையில் கிடந்த சில்லறையை எடுத்துக் கையில் கொடுத்ததுதான்.

பட்டறைக்காரனுக்கு நஷ்டம் வேறு மாதிரி. பழைய மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக் கேட்பார்கள். முனையை ஒவ்வோர் இடமாக நகர்த்தினால், டேப்பெட் அடிக்கிறதா, வாட்டர் பம்ப் பேரிங் போகிறதா, டைனமோ உறுமுகிறதா என்று பிரித்துச் சொல்லிவிடலாம். ஸ்டெதஸ்கோப் வைக்கும் டாக்டர் போலத்தான். பெட்ரோல் எஞ்சின் சட்டென்று நிற்பது குறைவு. முதலில் இருமும், புகை தள்ளும், மைலேஜ் குறையும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும். அத்தனையும் முன்னறிவிப்பு. எலக்ட்ரிக் காரில் மோட்டாரில் கெட்டுப்போகும் உறுப்புகள் மிகக் குறைவு, அது பெரிய லாபம். ஆனால் மின்னணுப் பகுதியில் கோளாறு வந்தால், பல நேரம் முந்தின நாள் வரை எந்த அடையாளமும் இருக்காது. திரையில் ஒரு விளக்கு எரியும், வண்டி நகராது. என்ன கோளாறு என்பது நிறுவனத்தின் மடிக்கணினிக்குத்தான் தெரியும். தெருமுனை மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். ஆரஞ்சு நிறக் கேபிள்களைப் பார்த்தால் அவர் தொடவும் கூடாது. முன்னூறு வோல்ட்டுக்கு மேல் நேர் மின்சாரம் ஓடும் கம்பிகள் அவை.

மௌனத்தின் இன்னொரு பக்கம் தெருவில் இருக்கிறது. மாசி வீதிகளில் நடப்பவர்கள் திரும்பிப் பார்த்து ஒதுங்குவதில்லை, சத்தத்தைக் கேட்டு ஒதுங்குகிறவர்கள். பூ வாங்கிக்கொண்டு நிற்கும் பாட்டிக்கு உங்கள் வண்டி வந்தது தெரியாது. ஐரோப்பாவில் 2021 ஜூலை முதல் விற்கும் எல்லாப் புது எலக்ட்ரிக் கார்களும் 20 கிலோமீட்டர் வேகம் வரை செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நீங்கள் பார்க்கும் காரில் அந்த ஒலி உண்டா என்று கேட்டு வாங்குங்கள். வண்டிக்குள்ளும் ஒரு ஆபத்து. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் யாரும் அப்படியே இறங்கிப் போக மாட்டோம், சத்தமே நினைவூட்டிவிடும். எலக்ட்ரிக் காரில் 'ரெடி' என்று ஒரு சின்ன எழுத்து மட்டும்தான் எரியும். வீட்டு வாசலில் கேட்டைத் திறக்க இறங்கும்போது, உள்ளே இருக்கும் குழந்தை ஆக்சிலரேட்டரைத் தொட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். பார்க்கிங்கில் போட்டு, அணைத்துவிட்டு இறங்கும் பழக்கம் முதல் நாளே வர வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சில வாரங்களில் பழகிவிடும், சிறுமலைக்காரர்களின் துக்கம் நீங்கலாக. பழகாதது ஒன்று உண்டு. என் வாடிக்கையாளர்களிடமிருந்து நான் திரும்பத் திரும்பக் கேள்விப்படுவதும் அதைத்தான். பெட்ரோல் காருக்கு இந்த ஊரே துணைக்கு நிற்கிறது. நூறு வருடமாகச் சேர்ந்த துணை அது. பங்க், பஞ்சர் கடை, மெக்கானிக், தள்ளிவிட வரும் நான்கு பேர், பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வந்து தரும் டீக்கடைப் பையன் என்று எங்கே நின்றாலும் ஆள் உண்டு. அதனால் நாம் யோசிக்காமல் கிளம்பிப் பழகிவிட்டோம். எலக்ட்ரிக் காருக்கு உங்கள் வீடும் நிறுவனமும்தான் துணை, ஊர் இன்னும் அதைக் கற்றுக்கொள்ளவில்லை.

ஒரு பேட்டரி இறங்கிப்போவதையே எடுத்துக்கொள்ளுங்கள். தெப்பக்குளத்தைச் சுற்றி உட்கார்ந்துவிட்டு வந்து பார்த்தால் வண்டி கிளம்பவில்லை. மேனுவல் பெட்ரோல் கார் என்றால் சாவியைத் திருப்பி, இரண்டாம் கியரில் போட்டு, கிளட்சை மிதித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். சுண்டல் வாங்கிக்கொண்டிருப்பவர்களே வந்து தள்ளுவார்கள், கிளட்சை விட்டால் உதறிக்கொண்டு கிளம்பும். எலக்ட்ரிக் காரிலும் அதே மாதிரி ஒரு 12 வோல்ட் சின்ன பேட்டரி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. விளக்கு, பூட்டு, கம்ப்யூட்டர் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய பேட்டரியை மோட்டாருடன் இணைக்கும் சுவிட்சை மூடுவதும் அதுதான். அது செத்தால், அடியில் முப்பது யூனிட் மின்சாரம் இருந்தும் வண்டி கல்தான். தள்ளி ஸ்டார்ட் செய்வது என்ற பேச்சே இல்லை. வேறொரு காரின் பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து எழுப்பலாம், எந்த முனையில் கொடுப்பது என்று கையேட்டில் போட்டிருப்பார்கள். கயிறு கட்டி இழுக்கவும் கூடாது. ஓட்டும் சக்கரங்கள் சுழன்றால் மோட்டார் தானே மின்சாரம் உண்டாக்கிக் கோளாறை வளர்க்கும். பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

இன்னொன்று, யாரும் எழுதிப் பார்க்காதது. முகூர்த்த நாளில் நம்மூர் கல்யாண மண்டப வாசலைப் பாருங்கள். மூன்று வரிசையாக வண்டி நிற்கும். முன் வரிசைக்காரர் கிளம்ப வேண்டுமென்றால் வாட்ச்மேன் நடுவில் நிற்கும் கார்களை ஒவ்வொன்றாகத் தள்ளி வழி விடுவார். நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போடாமல் நிறுத்துவது அங்கே எழுதாத சட்டம். பல எலக்ட்ரிக் கார்கள் அணைத்தவுடன் தாமே பார்க்கிங் பூட்டைப் போட்டுக்கொள்கின்றன. தள்ளினால் அசையாது. பந்தியில் பாதிச் சாப்பாட்டில் உங்கள் வண்டி எண்ணை மைக்கில் கூப்பிடுவார்கள். உங்கள் வண்டியில் பூட்டாமல் நியூட்ரலில் விட வழி உண்டா என்று ஷோரூமில் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதி முழிப்பார், பரவாயில்லை.

ஸ்டெப்னி விஷயம் கொஞ்சம் கனமானது. இடமும் எடையும் மிச்சம் பிடிக்கப் பல எலக்ட்ரிக் கார்களில் ஸ்டெப்னியே தருவதில்லை. ஒரு காற்றடிக்கும் கருவியும் பஞ்சர் ஒட்டும் திரவமும்தான் தருகிறார்கள். ஆணி ஏறினால் அது போதும். உசிலம்பட்டி தாண்டி இரவில் குழியில் விழுந்து டயரின் பக்கவாட்டு கிழிந்தால், அந்தத் திரவம் ஒன்றுக்கும் உதவாது. ஸ்டெப்னி உள்ள மாடலாகப் பார்த்து வாங்குங்கள், அல்லது தனியாக ஒன்று வாங்கி டிக்கியில் போடுங்கள். பேட்டரியின் எடையாலும் திடீர் இழுவையாலும் டயர் தேய்வதும் கூடுதல். பஞ்சர் கடையில் ஜாக் வைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வண்டியின் அடிப்பகுதி முழுக்கப் பேட்டரிப் பெட்டி. நடுவில் எங்காவது ஜாக்கைக் கொடுத்துத் தூக்கிவிட்டால், பஞ்சருக்குச் செய்யும் செலவோடு முடியாது. ஓரச் சட்டத்தில் ஜாக் வைக்கும் இடம் குறித்திருக்கும், அதைக் காட்டிக்கொடுங்கள். வயரைக் கடிக்கும் எலிக்குப் பெட்ரோல், மின்சாரம் என்ற பேதம் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் கடிபட்டது ஆரஞ்சுக் கம்பி என்றால் என்னிடம் வரக்கூடாது, நிறுவனத்துக்குத்தான் போக வேண்டும்.

சார்ஜ் பற்றிய கவலைக்கு ஒரு கணக்குச் சொன்னால் புரியும். ஒரு லிட்டர் பெட்ரோலுக்குள் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. உங்கள் பழைய வண்டியின் 35 லிட்டர் டேங்கில் முன்னூறு யூனிட்டுக்கு மேல். எஞ்சின் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கைச் சூடாக வெளியே விட்டாலும், மிச்சம் இருப்பதில் சென்னைக்குப் போய்விடலாம். நடுத்தர எலக்ட்ரிக் காரில் மொத்தமே 30, 40 யூனிட். வீணாக்காமல் ஓடுவதால்தான் அதில் இவ்வளவு தூரம் வருகிறது. வீணாக்க மிச்சமில்லாததால் ஒவ்வொரு தவறும் கண்ணுக்குத் தெரிகிறது. நான்கு வழிச்சாலையில் எண்பதிலிருந்து நூறுக்குப் போனால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடும். பெட்ரோல் காரிலும் இதே இயற்பியல்தான். ஆனால் அடுத்த பங்க் பத்து நிமிடத்தில் வரும் என்பதால் நாம் கவலைப்பட்டதில்லை. விளம்பரத்தில் போடும் தூரம் சோதனைக்கூடக் கணக்கு. அதில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொண்டு திட்டம் போட்டால் ஏமாற்றம் இருக்காது.

நெடுஞ்சாலையில் வேகமாக ஏற்றும் சார்ஜர்களிலும் எண்பது சதவீதத்துக்கு மேல் வேகம் தானாகக் குறைந்துவிடும். பேட்டரியைக் காப்பாற்றச் செய்த ஏற்பாடு அது. கடைசி இருபது சதவீதத்துக்குக் காத்திருப்பது வீண் வேலை. காத்திருப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். வாடிக்கையாளர்கள் கொதிப்பது வேறு இடத்தில்: செயலியில் வேலை செய்வதாகக் காட்டும் சார்ஜர், போய்ப் பார்த்தால் அணைந்து கிடக்கும், அல்லது பெட்ரோல் காரை அதன் முன்னால் நிறுத்திவிட்டு யாரோ சாப்பிடப் போயிருப்பார். பங்க்கில் "ஜீரோ பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள் நிற்பதன் அருமை அப்போதுதான் தெரிகிறது.

சொந்த வீடு இருப்பதால் உங்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. மேலூர் போய் வர அறுபது எழுபது கிலோமீட்டர். யூனிட்டுக்கு ஏழு கிலோமீட்டர் என்று வைத்தால் பத்து யூனிட். வீட்டு 15 ஆம்பியர் பிளக்கில் நாலு மணி நேரத்துக்குள் ஏறிவிடும். பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்தும் நாளில் நீங்கள் வேலையில் இருப்பீர்கள். இரண்டு மாத மின் கட்டணம் மேல்படிக்கு ஏறும், அதைக் கணக்குச் சொல்கிறவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் பார்க்கச் சொல்வது போடி வீட்டை. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருக்கும், மூன்றாவது துளையில் கம்பியே வந்திருக்காது. அல்லது எர்த் குழி காய்ந்து போயிருக்கும். மிக்ஸியும் மோட்டாரும் அதைக் கண்டுகொள்ளாது. கார் சார்ஜர் கண்டுகொள்ளும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்டேஜ் கூடுதலாக இருந்தால் சிவப்பு விளக்கைக் காட்டி ஏற்ற மறுத்துவிடும். எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய் அளந்து பாருங்கள். வேண்டுமானால் கரியும் உப்பும் போட்டுப் புதுக் குழி எடுத்து, அதிலிருந்து நேராக எர்த் கம்பியும், மெயின் போர்டிலிருந்து தனி பிரேக்கரோடு ஒரு தனி வயரும் கொண்டுவரச் சொல்லுங்கள். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் காரை மாட்டவே கூடாது. மணிக்கணக்கில் 15 ஆம்பியர் ஓடினால் அது உருகும், பார்த்திருக்கிறேன்.

மலை ஏறுவதைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், இறங்குவதைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஆயிரம் கிலோ எடையை ஆயிரம் மீட்டர் உயரத்துக்குத் தூக்க 2.7 யூனிட் வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறக்குறைய 1,800 மீட்டர் ஏற்றம், ஆட்களோடு கார் 1,800 கிலோ என்றால், ஏற்றத்துக்கு மட்டும் சுமார் 9 யூனிட். சாலையில் ஓடுவதற்கான செலவு அதற்கு மேல். இறங்கும்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி இதில் நல்ல பங்கைத் திருப்பித் தரும், பிரேக்கும் சூடேறாது. ஆனால் பேட்டரி நிறைந்திருந்தால் அந்த மின்சாரத்துக்குப் போக இடமில்லை, மோட்டாரின் பிடிப்பும் இல்லாமல் போகும். கொடைக்கானல் விடுதியில் இரவெல்லாம் நூறு வரை ஏற்றிவிட்டுக் காலையில் இறங்கத் தொடங்கினால், முதல் வளைவுகளில் கால் எடுத்தும் வண்டி வேகம் குறையவில்லையே என்று திகைப்பீர்கள். பெட்ரோல் காரில் இரண்டாம் கியர் என்றைக்கும் கை கொடுத்தது. மேலே எண்பது வரை மட்டும் ஏற்றுங்கள். உங்கள் வழியில் ஆண்டிபட்டிக் கணவாய் சிறியதுதான், அங்கே இந்தக் கவலை வேண்டாம். மோட்டாரே நிறுத்துவதால் பிரேக் டிஸ்க் வேலையில்லாமல் துருப்பிடிக்கும். மழைக்காலத்தில் அவ்வப்போது கொஞ்சம் அழுத்திப் பிரேக் பிடித்து அதைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

மேலே சொன்னவற்றை நான் உறுதியாகச் சொல்வேன். இனிச் சொல்வதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். பின் சீட்டில் உட்காருகிறவர்களுக்குக் குமட்டல் வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் வண்டி இழுத்துப் பிடிப்பதும், ஓட்டுகிறவர் அதைப் படிப்படியாகச் செய்யத் தெரியாமல் இருப்பதும் காரணமாக இருக்கலாம். அந்தப் பிடிப்பைக் குறைத்து வைத்த பிறகு சிலருக்குச் சரியானது, சிலருக்கு ஆகவில்லை. மதுரை வெயில் பேட்டரியை எத்தனை வருடத்தில் தளர்த்தும் என்பதிலும் ஆளுக்கொரு பேச்சு. சூடு லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதும், நூறு சதவீதம் ஏற்றி வெயிலில் பல நாள் நிறுத்துவது கெடுதல் என்பதும் நிச்சயம். ஆனால் டாடா நெக்ஸான் எலக்ட்ரிக் வந்ததே 2020-ல்தான். என் பட்டறைக்கு வரும் சில வண்டிகளை வைத்துப் பதினைந்து வருடக் கதை சொல்ல முடியாது. நிறுவனங்கள் பொதுவாக பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. உங்கள் ஓட்டத்துக்குக் கிலோமீட்டர்தான் முதலில் முடியும். பழைய வண்டிச் சந்தையில் விலை என்ன கிடைக்கும் என்று கேட்டால், பத்து வருடப் பெட்ரோல் காருக்கு நான் இங்கே உட்கார்ந்தே விலை சொல்வேன். எலக்ட்ரிக் காருக்கு வாங்குகிறவரும் தயங்குகிறார், விற்கிறவரும் தயங்குகிறார். இதுவும் ஊர் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம்தான்.

உங்கள் விஷயத்தில் என் தீர்ப்பு, மாறலாம். தினசரி ஓட்டம் அதிகம், சொந்த வீட்டில் சார்ஜ், மாதம் ஒரு முறை போடிக்குப் போக வர 190 கிலோமீட்டர் போல. 19 யூனிட் பேட்டரி உள்ள சின்னக் கார் மேலூருக்குப் போதும், போடிக்குப் போதாது. முப்பதுக்கு மேல் பாருங்கள். வீட்டில் இன்னொரு பெட்ரோல் வண்டி இருந்தால் நான் சொன்ன குறைகளில் பாதி காணாமல் போகும். இல்லையென்றால் பழைய வண்டியை விற்க அவசரப்படாமல் ஒரு மழைக்காலம் வரை வைத்திருங்கள். 12 வருட வண்டி, நாலு மாதத்தில் விலை பெரிதாக இறங்காது. சோதனை ஓட்டத்துக்கு ஷோரூம்காரர்கள் காலியான ரிங் ரோட்டைத்தான் காட்டுவார்கள். மாலை ஆறு மணிக்குக் காளவாசல் வழியாக ஒரு சுற்று, அடுத்த நாள் உசிலம்பட்டி வரை ஒரு சுற்று கேளுங்கள். இரண்டாவது சுற்றில் வீட்டில் யாருக்கு எளிதில் தலைசுற்றுமோ அவரைப் பின் சீட்டில் உட்கார வைத்துக் கூட்டிப் போங்கள்.